கோரஸ்: ஆட்களா, அடிகளா?

முள்ளியவளைப் பக்கம் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "கிரேக்க நாடகப் பாடத்தில் கோரஸ் வருகிறது. சபையில் ஆராதனை தொடங்க முதல் 'ஒரு கோரஸ் பாடுவோம்' என்கிறார்கள். அண்ணாவின் கீபோட்டில் கோரஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சினிமாப் பாட்டைப் பற்றிக் கதைக்கும்போதும் கோரஸ் என்கிறார்கள். கூத்தில் வருகிற பிற்பாட்டும் கோரஸும் ஒன்றுதான் என்று ஒருவர் சொல்லித் தந்தார். இதில் எது சரி?"

எல்லாம் சரி பிள்ளை. கடைசியாகச் சொன்னது மட்டும் பாதி சரி. அந்தப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கோரஸ் என்ற சொல் எங்கே வந்தாலும் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளும். அது பாடுகிற ஆட்களைச் சொல்கிறதா, பாடப்படுகிற அடிகளைச் சொல்கிறதா? இதைப் பிரித்துவிட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்த கதையை உம்முடைய தாத்தா வயதில் உள்ளவர்களிடம் கேட்டுப் பாரும். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. கையால் இழுத்த காலத்தில் அம்பா என்ற இழுவைப் பாட்டு இல்லாமல் வலை கரைக்கு வராது. குரல் உள்ள ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். அது சாமியைப் பற்றியும் இருக்கும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைப் பற்றியும் இருக்கும், சில நேரம் உமக்குச் சொல்லக்கூடாத விஷயமாகவும் இருக்கும். கயிற்றைப் பிடித்து நிற்கிறவர்கள் எல்லோரும் 'ஏலேலோ' என்று பதில் போடுவார்கள். அந்தப் பதில் விழுகிற இடத்தில்தான் குதிக்கால் மணலில் புதையும், கயிறு ஒரு முழம் வரும். எடுத்துக் கொடுக்கிறவர் பாடும்போது இழுக்கிறவர்களுக்கு மூச்சு. அவர்கள் பாடும்போது இவருக்கு அடுத்த அடியை யோசிக்க நேரம்.

இங்கே கயிற்றைப் பிடித்து நிற்கிற கூட்டமும் கோரஸ், அவர்கள் போடுகிற 'ஏலேலோ'வும் கோரஸ். ஆங்கிலத்தில் ஆட்களின் பெயர் அடிகளுக்குப் போனதும் இப்படித்தான். பாட்டில் மாறிக்கொண்டு போகிற பகுதியை ஒருவர் தனியே பாடுவார். மாறாமல் திரும்பி வருகிற பகுதியில் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். பாட்டுத்தாளில் அந்த இடத்தில் 'கோரஸ்' என்று குறித்தார்கள், 'இங்கே எல்லோரும் பாடுங்கோ' என்ற அர்த்தத்தில். நாளடைவில் அந்தப் பகுதிக்கே அது பெயராகிவிட்டது. இன்றைக்கு மேடையில் ஒருவர் தனியாக நின்று பாடினாலும் அந்தப் பகுதி கோரஸ்தான்.

சரி, அடிகள் என்ற பொருளை முதலில் முடித்துவிடுவோம். இதிலே ரிஃப்ரெயின் என்று இன்னொரு சொல்லும் வந்து குழப்பும். இதற்கு வெளியே போக வேண்டாம், திருவெம்பாவையே போதும். மார்கழியில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிக்கொண்டு வருவார்களே, அந்த 20 பாட்டும் 'ஏலோர் எம்பாவாய்' என்றுதான் முடியும். பாட்டின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற, தனியே நிற்க முடியாத இந்த அடிதான் ரிஃப்ரெயின். பஞ்சபுராணம் ஓதும்போது கேட்கிற 'பல்லாண்டு கூறுதுமே'யும் அந்த வகை. கோரஸ் அப்படியல்ல. அதற்கென்று தனி மெட்டு, தனி அடிகள் உண்டு. பாட்டு எங்கேயோ சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுபோல அதற்குத் திரும்பி வரும். எங்கள் கீர்த்தனையில் இதற்கு மிகக் கிட்ட நிற்பது பல்லவி. ஒரு வித்தியாசம்: பல்லவி முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடும், அனுபல்லவியும் சரணமும் அதற்குப் பின்னால். மேல்நாட்டுப் பாட்டில் பெரும்பாலும் முதலில் ஒரு சரணம் போய்த்தான் கோரஸ் வரும். அதனால் அங்கே கோரஸ் காத்திருந்து கிடைக்கிற ஒன்று. கேட்கிறவர் அந்த இடத்துக்காக ஏங்க வேண்டும் என்றே மெட்டை மேலே ஏற்றி வைப்பார்கள்.

சபையில் பாடுகிற கோரஸும் இந்தக் குடும்பம்தான். பழைய சுவிசேஷப் பாட்டுகளில் சரணங்கள் நீளம், ஆனால் சனத்துக்கு மனப்பாடமானது திரும்பி வருகிற அந்த நான்கு அடிகள்தான். சரணங்களை விட்டுவிட்டு அதை மட்டும் திரும்பத் திரும்பப் பாடத் தொடங்கினார்கள். பிறகு அதே அச்சில் புதிதாகவும் கட்டினார்கள். ஆகவே பாமாலை, கீர்த்தனை, கோரஸ் என்று அங்கே பிரித்துச் சொல்லும்போது, கோரஸ் என்றால் பாட்டுப் புத்தகம் பார்க்காமல் கை தட்டிப் பாடக்கூடிய சின்னப் பாட்டு. ஜாஸ் இசைக்காரர்கள் இன்னும் ஒரு படி தள்ளிப்போய், பாட்டின் முழுச் சுற்றையும் ஒருமுறை வாசித்து முடிப்பதையே 'ஒரு கோரஸ்' என்பார்கள். அது உமது சோதனைக்கு வராது.

இனி ஆட்கள்.

இசையில் கோரஸ் என்றால் பெரிய பாடகர் குழு. கோயிலோடு சேர்ந்த குழுவைக் குவயர் என்பார்கள், கத்தோலிக்கக் கோயில்களில் பாடகர் குழாம் என்று எழுதியிருப்பார்கள். மேல்நாட்டு முறையில் அந்தக் குழு நாலு குரலாகப் பிரியும்: பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல் தெனோர், கீழ் பாஸ். நாலு பகுதியும் வேறு வேறு சுரத்தில் ஒரே நேரத்தில் போகும். ஹாண்டெல் என்ற இசையமைப்பாளரின் 'மெசாயா' முதல்முதல் பாடப்பட்டது 1742இல், டப்ளின் நகரில். அதில் வருகிற 'அல்லேலூயா'வைத்தான் அல்லேலூயா கோரஸ் என்கிறோம். இங்கே கோரஸ் என்பது குழு பாடும்படி எழுதப்பட்ட ஒரு முழு உருப்படி. எங்கள் தமிழ்மொழித் தினக் குழு இசையில் எல்லோரும் ஒரே சுரத்தைப் பிடித்துப் பாடுகிறோம், அதில் யாருடைய குரலும் தனியே துருத்தாமல் இருந்தால் மார்க் கிடைக்கும். மேல்நாட்டுக் கோரஸில் நாலு குரலும் தனித்தனியே கேட்காவிட்டால் பிழை. சினிமாவில் கோரஸ் என்றால் பாடகருக்குப் பின்னால் 'ஆ'வும் 'ம்'மும் போடுகிற குழு. வகுப்பில் பிள்ளைகள் கோரஸாகக் கத்துவது உமக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

நாடகத்துக்கு வருவோம், இதுதான் சுவையான இடம்.

கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆதிப் பொருள் பாட்டு அல்ல, ஆட்டம். வட்டமாக நின்று ஆடுவது, ஆடுகிற கூட்டம், ஆடுகிற இடம், எல்லாவற்றுக்கும் அது பெயராக இருந்தது. அவர்கள் ஆடிய வட்டக் களத்தின் பெயர்தான் ஓர்க்கெஸ்ட்ரா. இன்றைக்கு வாத்தியக்காரர் குழுவைக் குறிக்கிற அந்தச் சொல்லின் வேரிலும் ஆட்டம்தான் இருக்கிறது. டயோனிசஸ் தெய்வத்துக்கு 50 பேர் வட்டமாக ஆடிப் பாடிய பாட்டுகள் இருந்தன. அந்த மரபிலிருந்துதான் துன்பியல் நாடகம் பிறந்தது என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். கூட்டத்துக்குப் பதில் சொல்ல ஒரு நடிகர் வெளியே வந்தார். நாடகாசிரியர் ஐஸ்கிலஸ் இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தார், சோஃபக்கிளிஸ் மூன்றாமவரை. நடிகர் கூடக் கூடக் கோரஸின் பங்கு குறைந்தது. துன்பியலில் கோரஸ் 12 பேர், பிறகு 15 பேர். இன்பியலில் 24 பேர். உடுப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆகிற செலவை ஒரு பணக்காரக் குடிமகனின் தலையில் கட்டிவிடுவார்கள், அது அவர் நகரத்துக்குச் செய்ய வேண்டிய கடமை. எங்கள் ஊரில் கூத்துக்கு வீடு வீடாகக் காசு சேர்க்கப் போன ஆளாகச் சொல்கிறேன், நல்ல ஏற்பாடு.

அந்தக் கோரஸ் என்ன செய்தது? பாடப் புத்தகத்தில் 'கதையை விளக்கியது, கருத்துக் கூறியது' என்று இருக்கும். பிழையில்லை, ஆனால் அதைப் படித்தால் வானொலி அறிவிப்பாளர்போல் தோன்றும். முக்கியமானது வேறு: கோரஸ் என்பது அந்தக் கதைக்குள்ளே இருக்கிற ஆட்கள். அவர்களுக்கு ஊர் உண்டு, வயது உண்டு, பயம் உண்டு. கி.மு. 458இல் மேடையேறிய ஐஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகத்தில் கோரஸ், ஆர்கோஸ் நகரத்துக் கிழவர்கள். போருக்குப் போன அரசன் பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான், அரண்மனைக்குள் போகிறான். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து 'ஐயோ, குத்திவிட்டார்கள்' என்று அவன் குரல் கேட்கிறது. அதுவரை ஒரே குரலில் பாடிய 12 கிழவர்களும் அந்த இடத்தில் உடைந்து போகிறார்கள். ஒவ்வொருவரும் இரண்டு இரண்டு அடி. ஊரைக் கூப்பிடுவோம் என்கிறார் ஒருவர். இப்போதே உள்ளே பாய்வோம் என்கிறார் இன்னொருவர். சரியாகத் தெரியாமல் என்ன செய்வது என்கிறார் வேறொருவர். பேசி முடிக்கும்போது அரசனின் உடல் வெளியே தெரிகிறது, பக்கத்தில் அவன் மனைவி நிற்கிறாள். ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கி.மு. 415இல் யூரிப்பிடிஸ் எழுதிய 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தின் கோரஸ், தோற்ற நகரத்துப் பெண்கள். தங்களை எந்தக் கப்பலில் எங்கே கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரியாமல் கடற்கரையில் காத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த நாடகத்தைப் படிப்பிக்கும்போது நான் விளக்கம் சொல்வதில்லை, வாசிக்கக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

கோரஸையும் நடிகர்களில் ஒருவராகவே கொள்ள வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதியதன் பொருள் இதுதான். அவர் காலத்திலேயே அது மாறிவிட்டது. கதையோடு ஒட்டாத, எந்த நாடகத்திலும் செருகக்கூடிய இடைப்பாட்டுகளாகக் கோரஸ் பாட்டு ஆகிவிட்டது என்று குறைப்படுகிறார். அதற்குப் பிறகு வந்த இன்பியல் நாடக ஏடுகளில் பாட்டே இருக்காது, அந்த இடத்தில் 'கோரஸ்' என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும்.

இப்போது பிற்பாட்டு. விடிய விடிய நடக்கிற கூத்தில் நடிகர் தரு என்ற தன் பாட்டைப் பாடி ஆடுகிறார். அவர் அடியை முடிக்கிற இடத்தில், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் ஆட்டத்தைப் பெருப்பிக்கலாம், மூச்சை மீட்கலாம். நடிகருக்கு அடி மறந்தால் பிற்பாட்டுக்காரர் ஒருவர் தலையைக் குனிந்தபடி முதல் சொல்லை மெதுவாகப் போட்டுவிடுவார், சபைக்குத் தெரியாது. ஆக, அடி என்ற கணக்கில் பிற்பாட்டுக் கோரஸ்தான், ஆட்கள் பலர் என்ற கணக்கிலும் கோரஸ்தான். பாதி சரி என்றேனே, அது இதுதான்.

மற்றப் பாதி: பிற்பாட்டுக்காரருக்குப் பாத்திரம் கிடையாது. முள்ளியவளைக் கோவலன் கூத்தில் கோவலன் பாடினால் கோவலனின் அடியை எடுப்பார்கள், பாண்டியன் பாடினால் பாண்டியனின் அடியை எடுப்பார்கள். அவர்களுக்குக் கட்சி இல்லை, பயமும் இல்லை, உடுத்திருப்பது சொந்த வேட்டிதான். கொலை நடக்கிற இடத்தில் 'என்ன செய்வோம்' என்று அவர்கள் பதறினால் சனம் சிரிக்கும். இன்னொன்றையும் பாரும். கிரேக்கத்தில் ஆட்டம் கோரஸுக்குரியது. எங்கள் கூத்தில் ஆட்டம் நடிகருக்குரியது, பிற்பாட்டு நின்ற இடத்தில் நிற்கும். அப்படியே தலைகீழ்.

என்னைக் கேட்டால், கிரேக்கக் கோரஸுக்குத் தமிழில் கிட்ட நிற்கிற சொல் குரவை. வட்டமாகக் கை கோத்து ஆடிப் பாடுவது அது. கிழக்கிலே பெண்கள் இடுகிற குரவை ஒலியைச் சொல்லவில்லை, சிலப்பதிகாரத்தில் வருகிற கூத்தைச் சொல்கிறேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் கதைதானே, உமக்குத் தூரமில்லை. 16ஆம் காதையில் கோவலன் வெட்டுப்பட்டுவிட்டான். 17ஆவது ஆய்ச்சியர் குரவை. மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் கண்ணகிக்கு இன்னும் தெரியாது, இடைச்சியருக்கும் தெரியாது. குடத்துப் பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வழிகிறது. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. மாட்டின் மணி அறுந்து நிலத்தில் விழுகிறது. ஏதோ வரப்போகிறது என்று, கண்ணகிக்கு இடம் கொடுத்த இடைச்சி மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஒவ்வொரு சுரத்தின் பெயரை வைத்து மாயோனைப் பாடிக் குரவை ஆடச் செய்கிறாள். பக்கத்தில் கண்ணகி இருந்து பார்க்கிறாள். ஊர்ச் சனம், கூட்டமாக, ஆட்டத்தோடு பாட்டு, கதைக்குள்ளேயே நிற்கிறார்கள், நடந்தது வாசிக்கிற எங்களுக்குத் தெரியும் அவர்களுக்குத் தெரியாது. ஐஸ்கிலஸ் கண்டிருந்தால் விளங்கிக்கொண்டிருப்பார். வஞ்சிக் காண்டத்தின் தொடக்கத்தில் வருகிற குன்றக் குரவையும் அப்படியே, கண்ணகி வானேறியதைக் கண்ட மலைச் சனம் ஆடுகிற ஆட்டம். கிரேக்கத்திலிருந்து இது வந்தது என்றோ இங்கேயிருந்து அங்கே போனது என்றோ எழுதிவிடாதேயும். இரண்டு ஊரிலும் சனம் வட்டமாக ஆடியது, அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரில் கோரஸ் என்று வந்தால் ஏமாந்து போகாதேயும், அங்கே அது ஒரே ஒரு ஆள். 'ஐந்தாம் ஹென்றி'யில் ஒவ்வொரு அங்கத்துக்கும் முன்னால் வந்து, இந்தச் சின்ன மேடைக்குள் பிரான்சின் போர்க்களத்தை எப்படி அடக்குவது, நீங்கள்தான் மனதால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சபையிடம் கேட்பார். கூத்தில் முதலில் வந்து அறிவிக்கிற எங்கள் கட்டியகாரனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கள நாடகத்தில் 1956இல் சரச்சந்திர 'மனமே'யை நாடகம என்ற மரபில் செய்தபோது, கதை சொல்கிற பொத்தேகுருவையும் பக்கத்தில் பாட்டுக் குழுவையும் மேடையில் வைத்தார். நாடகம எங்கள் கூத்திலிருந்து போன மரபு, பொத்தேகுரு ஏட்டைக் கையில் பிடித்த அண்ணாவியார்தான்.

எங்கள் நவீன நாடகத்தில் கோரஸ் இன்னொரு உருவம் எடுத்தது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' வந்தது. அந்தக் காலத்தில் எடுத்துரைஞர், உரைஞர் என்ற பெயர்கள் எங்களிடையே நிலைத்தன. ஒரு குழுவே கதை சொல்லும், சனமாக மாறும், தேவைப்பட்டால் மரமாகவும் மாறும், திரும்பவும் கதை சொல்லும். கிரேக்கக் கோரஸுக்கு நாடகம் முழுவதும் ஒரே முகம். உரைஞருக்கு நிமிடத்துக்கு ஒரு முகம்.

இதை மேடையில் செய்யப் போகிறீர் என்றால் ஒரு சின்ன அனுபவம். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் 12 பிள்ளைகளை வைத்து உரைஞர் பழக்கினேன். எல்லாரும் எல்லா அடியையும் சேர்ந்து சொல்ல வைத்தேன். முன் வரிசையில் இருந்து பார்க்கையில் கம்பீரமாக இருந்தது. ஒத்திகையில் மண்டபத்தின் கடைசி வாங்கில் போய் இருந்து கேட்டேன், ஒரு சொல் விளங்கவில்லை, வெறும் இரைச்சல். பிள்ளைகளின் குரலில் குற்றமில்லை, பழக்கின என்னில்தான். ஒருவர் அரை விநாடி முந்தினாலும் 'க'வும் 'ச'வும் கலங்கிவிடும். பிறகு அடிகளை உடைத்தேன். தகவல் உள்ள அடியை ஒருவருக்குக் கொடுத்தேன், அடுத்ததை மூன்று பேருக்கு, எல்லோரும் சேர்வதற்கு நாலைந்து சொல் மட்டும், அதுவும் சபை முதலே கேட்டுப் பழகிய சொல். தொடங்க முதல் எல்லாரும் ஒன்றாக மூச்செடுப்பது மட்டும் ஒரு கிழமைப் பயிற்சி. பிறகு கடைசி வாங்குக்கும் கேட்டது. அம்பா பாடினவர்கள் இதை முதலே கண்டுபிடித்துவிட்டார்கள்: செய்தி ஒருவரிடம், 'ஏலேலோ' எல்லோரிடமும்.

சோதனைத் தாளில் 'பிற்பாட்டும் கோரஸும் ஒன்று' என்று எழுதாதேயும். 'பாடும் பணியில் ஒத்தது, பாத்திரம் இல்லாததால் வேறுபட்டது' என்று எழுதி, கோவலன் கூத்தை உதாரணம் காட்டும்.

மிஞ்சியது அண்ணாவின் பொத்தான். பத்துப் பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் ஒருவர் மயிரிழை மேலே நிற்பார், ஒருவர் கீழே, ஒருவர் துளி பிந்துவார். அந்தச் சின்னச் சின்னப் பிசகுதான் கூட்டக் குரலுக்குத் தடிப்பைக் கொடுக்கிறது. பொத்தான் செய்வதும் அதே வேலை: வருகிற ஒலியைப் படி எடுத்து, ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு பிந்தவிட்டு, சுருதியை மெல்ல ஆட்டி, மூல ஒலியோடு கலக்கிறது. 1975இல் ரோலண்ட் கம்பனி வெளியிட்ட கிற்றார் அம்ப்ளிஃபயர் ஒன்றில் இது வந்தது, அடுத்த வருடம் பொஸ் (Boss) என்ற பெயரில் காலால் மிதிக்கிற பெட்டியாகவும் வந்தது. அண்மையில் ஒரு காத்தவராயன் கூத்தில், பிற்பாட்டுக்கு ஆள் காணாது என்று ஒரே ஒருவரின் மைக்கை இப்படி ஒரு பெட்டிக்குள்ளால் விட்டிருந்தார்கள். தூரத்தில் நின்று கேட்டால் ஐந்து பேர் பாடுவதுபோலத்தான் இருந்தது. நடுச்சாமம் தாண்டி, பாடிக்கொண்டிருந்தவர் களைத்துப்போய் ஒரு தேத்தண்ணிக்கு எழும்பினார். அந்த நேரம் பார்த்து ஆதிகாத்தானாக ஆடியவருக்கு அடி மறந்துவிட்டது. பெட்டியின் சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.